டார்ச்சம்மாவும் பகல் சிஸ்டரும்

ஒன்பது வருடமாக ஹெலினா இரவுப் பணியில்தான் இருந்தாள். யாரும் அவளை அதில் தள்ளவில்லை. அவளே கேட்டு வாங்கிக்கொண்டது. அம்பத்தூரில் அவள் வேலை பார்த்த தனியார் மருத்துவமனையில், நைட் என்றதும் மற்ற நர்ஸுகள் மாமியாருக்கு உடம்பு சரியில்லை, குழந்தைக்குப் பரீட்சை என்று காரணம் தேடுவார்கள். ஹெலினா மட்டும் "எனக்குப் போடுங்க மேடம்" என்று முன்னால் வந்து நிற்பாள். இதனால் அவளுக்குத் தியாகி என்று ஒரு பெயர் ஏற்பட்டிருந்தது. அந்தப் பெயரை அவள் மறுத்ததும் இல்லை.

உண்மை என்னவென்றால் அவளுக்குப் பகல் மனிதர்களைக் கண்டால் பயம். பின்னால் நாலு ஜூனியர்களை இழுத்துக்கொண்டு வரும் பெரிய டாக்டர்கள், டிபன் கேரியரோடு வரும் சொந்தக்காரர்கள், இன்ஷூரன்ஸ் ஆட்கள், எல்லோருக்கும் மேலே நர்சிங் சூப்பரிண்டெண்ட் ஞானகுமாரி மேடம். இரவு பத்து மணிக்கு வார்டில் பெரிய விளக்குகளை அணைத்துவிட்டால் இந்தக் கூட்டமெல்லாம் மறைந்துபோகும். முப்பது கட்டில், ஒரு மேசை விளக்கு, அவள். அந்த நேரத்தில் ஹெலினாவின் நடையே மாறிவிடும். யாராவது பார்த்தால் வார்டைக் கட்டியதே அவள்தான் என்று நினைப்பார்கள்.

வேறு வசதிகளும் இருந்தன. ஊர் முழுக்க வீட்டுக்குத் திரும்பும் நேரத்தில் அவள் வேலைக்குப் போவாள் என்பதால் பஸ்ஸில் எப்போதும் ஜன்னல் சீட்டு கிடைக்கும். நிச்சயதார்த்தம், காதுகுத்து, கிரகப்பிரவேசம் எது வந்தாலும் "நைட் டூட்டிப்பா" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அதை வைத்தே கணவன் ஜேசுராஜின் சொந்தக்காரர்களில் பாதிப் பேரைப் பார்க்காமல் ஒன்பது வருடம் ஓட்டியிருந்தாள்.

இதற்கெல்லாம் உடம்பு தனியாகக் கணக்கு வைத்துக்கொண்டிருந்தது. காலையில் அயனம்பாக்கம் வீட்டுக்கு வந்து, ஜன்னலில் போர்வையைக் கட்டி இருட்டாக்கிப் படுப்பாள். ஒன்பதரைக்குப் பழைய இரும்பு வாங்குகிறவனின் ஒலிபெருக்கி வரும். பத்தேகாலுக்குத் தண்ணீர் கேன். பதினொன்றுக்கு வெங்காய வண்டி. பகலில் தெருவில் யார் எப்போது வருவார்கள் என்று அவளைக் கேட்டால் படுத்தபடியே சொல்லிவிடுவாள். ஷேர் ஆட்டோவில் கண் மூடினால் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் பூந்தமல்லியில்தான் திறப்பாள். ஞாயிறு ஆராதனையில் ஜெபத்துக்குத் தலை குனிந்தால் ஆமென் சொல்லி எல்லோரும் நிமிர்ந்த பிறகும் குனிந்தே இருப்பாள். பின்வரிசைப் பெண்கள் இப்படி ஒரு பக்தியைப் பார்த்ததே இல்லை என்று ஜேசுராஜிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் மறுக்கவில்லை. குறட்டை வராதவரை அது பக்திதான் என்பது அவன் கட்சி. அவன் ஆவடி தொழிற்சாலையில் பகல் வேலைக்காரன். காலையில் அவன் கிளம்பும்போது இவள் வருவாள், வாசலில் பார்த்துக்கொள்வார்கள். கேஸ் தீர்ந்துவிட்டது, மோட்டார் ஓடவில்லை என்று அந்த அரை நிமிடத்தில் குடும்பம் நடக்கும்.

இப்படியே ரிட்டையர் ஆகியிருப்பாள். ஒன்பதாவது படிக்கும் மகள் ஷெரினின் பள்ளியில் பெற்றோர் கூட்டம் வந்து கெடுத்தது.

கூட்டத்துக்கு முந்தின இரவு மூன்று புது அட்மிஷன், கண்ணை மூட முடியவில்லை. காலையில் நேராகப் பள்ளிக்கே போய்விட்டாள். கணக்கு டீச்சர் சொர்ணம் எதிரே உட்கார்ந்து, அல்ஜீப்ராவில் ஷெரின் எங்கே தவறு செய்கிறாள் என்று பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். ஹெலினா முதல் இரண்டு தவறுகள் வரை கேட்டாள். அடுத்து அவளுக்குத் தெரிந்தது, தன் கையில் சொர்ணம் டீச்சரின் மணிக்கட்டு இருந்ததும், தான் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "பல்ஸ் நார்மல்தான், பயப்படாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்ததும்தான்.

"எனக்கு ஒண்ணும் இல்லைங்க" என்றார் டீச்சர், கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு.

பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் சிரித்தார்கள். ஷெரினின் தோழிகளும் சிரித்தார்கள். ஷெரின் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னாள். "அடுத்த வாட்டி அப்பா லீவு போட்டுட்டு வரட்டும்மா. நீ தூங்கு."

கோபமாகச் சொல்லியிருந்தால் ஹெலினா பதிலுக்குக் கத்தியிருப்பாள். பிள்ளை அக்கறையாகச் சொன்னது. அன்றைக்குப் பழைய இரும்புக்காரன் வருவதற்கு முன்பே எழுந்து உட்கார்ந்து, தன்னைப் பகல் பணிக்கு மாற்றும்படி ஒரு கடிதம் எழுதினாள். "குடும்பச் சூழ்நிலை காரணமாக" என்று தொடங்கி, "என் முழுத் திறமையையும் பகலில் வெளிப்படுத்த விரும்புகிறேன்" என்று முடித்தாள். கடைசி வரி அவளுக்கே மிகவும் பிடித்திருந்தது.

ஞானகுமாரி மேடம் அதைப் படித்துவிட்டு மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "யோசிச்சுதான் எழுதினியா ஹெலினா?"

"ஆமா மேடம்."

"சரி. அடுத்த மாசம் ஒண்ணாந்தேதிலேர்ந்து டே."

ஒன்றாம் தேதிக்கு இன்னும் பத்து இரவுகள் இருந்தன. அந்தப் பத்து இரவும் ஏழாம் நம்பர் கட்டிலில் வேம்புலி இருந்தார். செம்பரம்பாக்கம் பக்கத்துக்காரர். பயிர் வைத்திருந்த நிலத்தில் இப்போது குடோன் நிற்கிறது. அந்தக் குடோனுக்கே வாட்ச்மேனாக இருந்தவர். சர்க்கரை நோயில் வலது காலில் புண் வந்து, இரண்டு விரல் கறுத்துப்போயிருந்தது. மகன் கஜபதி சேர்த்துவிட்டுப் போயிருந்தான்.

இரவில் அவர் தூங்கமாட்டார். மற்றவர்களை எழுப்பக் கூடாது என்று ஹெலினா டார்ச்சைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு வரிசையாகப் பார்த்துவருவாள். மேசைக்கு நேர் மேலே ஏசி என்பதால் பழுப்பு ஸ்கார்ஃபைக் காதோடு சுற்றி, அதன்மேல் மாஸ்க்கும் போட்டிருப்பாள். டார்ச் ஏழாம் கட்டிலுக்கு வந்ததும் ஒரு கை எழும்பும்.

"டார்ச்சம்மா, மணி இன்னா?"

"ரெண்டு, நைனா. தூங்கலியா?"

"எங்க தூங்க சொல்ற? கண்ண மூடுனா காலு இல்லாத மாரியே கீது."

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருவாள். அவர் காலை அசைக்காமல் கைகளை மட்டும் அசைத்துப் பேசுவார். ஏரி நிறைந்தால் தண்ணீர் எந்த வழியாக வரும், எந்த வயலில் யாரோடு சண்டை என்று சொல்லிக்கொண்டே போவார். நடுவில் நிறுத்தி, காலை எடுத்துவிடுவார்களா என்று கேட்பார். மகனிடம் கேட்டதே இல்லையாம். "அவன் பயந்துடுவான்." சில நேரம் சத்தமில்லாமல் அழுவார். ஹெலினா ஒன்றும் பெரிதாகச் செய்யவில்லை. அவர் கையைப் பிடித்துக்கொண்டு, தூக்கத்தில் தலை ஆடாமல் பார்த்துக்கொண்டாள். அவளைப் பொறுத்தவரை அதுவே சாதனை.

ஒன்றாம் தேதி ஹெலினா பகலுக்கு வந்தாள்.

காலை எட்டரைக்கு, வெள்ளைச் சட்டை போட்ட குட்டையான ஒருவர் வார்டுக்குள் நுழைந்து நேராகக் கட்டில்களை நோக்கி நடந்தார். ஹெலினா கையை நீட்டி மறித்தாள். "சார், விசிட்டர்ஸ் டைம் பதினொண்ணுக்குத்தான். வெளிய பெஞ்சில உக்காருங்க."

"நான் தமிழ்வாணன்" என்றார் அவர்.

"யாரா இருந்தாலும் பதினொண்ணுக்குத்தான் சார்."

"சர்ஜன் தமிழ்வாணன்."

அப்போதுதான் குரல் பிடிபட்டது. ஒன்பது வருடமாக நள்ளிரவு இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் போனில் எழுப்பி, "சார், பேஷண்டுக்கு ஃபீவர்" என்று அவள் சொன்ன அதே டாக்டர். போனில் அந்தக் குரல் ஆறடி உயரம் இருந்தது. "ஸாரி சார், உங்களை நான் முகம் பாத்ததில்ல" என்றாள். பின்னால் ஜூனியர்கள் கூரையைப் பார்த்தார்கள். அவர் மட்டும், "நானும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

அதற்குப் பிறகு வந்தவை எல்லாம் சின்ன விஷயங்கள். டிஸ்சார்ஜ் பேப்பர் எந்த மாடிக்குப் போக வேண்டும் என்று தெரியவில்லை. லிஃப்டில் ஆள் ஏறுவதே அவளுக்குப் புதிது. ஒரே நேரத்தில் பதினைந்து பேர் "சிஸ்டர்" என்று கூப்பிட்டால் எந்தப் பக்கம் திரும்புவது என்று புரியவில்லை. மதியம் மூன்று மணிக்கு, இத்தனை வருடமாக ஆழ்ந்த தூக்கத்தில் இருந்த நேரம் என்பதால், கண் தானாகச் செருகியது. தன்னைவிடப் பதினைந்து வயது சின்னவளான ரேகா என்ற நர்ஸிடம் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை சந்தேகம் கேட்டாள். "அக்கா, நீங்க ஜாயின் பண்ணி எத்தனை நாள் ஆச்சு?" என்று யாரோ புதுப் பயிற்சிப் பெண் வேறு கேட்டுவைத்தாள்.

ஏழாம் கட்டில்தான் எல்லாவற்றையும் விட மோசம்.

பகல் வேம்புலி வேறு ஆள். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். சுற்றி மகன், மருமகள், ஊர்க்காரர்கள். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று கத்துவார். ஃபேன் ஓடினால் நிறுத்தச் சொல்வார், நிறுத்தினால் ஓடச் சொல்வார். ஹெலினா ஊசியோடு போய் நின்றாள். பழகிய மனிதர் என்ற தைரியத்தில் லேசாகச் சிரித்தாள்.

"நீ புச்சா?" என்றார்.

"இல்ல சார், நான்..."

"பாத்துக் குத்தும்மா. கைய இன்னா சுவருன்னு நெனச்சியா?" ஊசி போட்டு முடித்ததும் மகன் பக்கம் திரும்பினார். "டேய் கஜபதி, ராத்திரி ஒரு அம்மா வருவாங்கடா. டார்ச் எடுத்துகினு. அவங்க கை பட்டா ஊசி போட்டதே தெரியாது. இதுவும் கீதே, தூங்குமூஞ்சி."

திட்டும் பாராட்டும் ஒரே வாயிலிருந்து ஒரே ஆளுக்கு வந்ததில், எதற்கு முகம் கொடுப்பது? "அந்த நைட் சிஸ்டர் நான்தான் சார்" என்றாள்.

வேம்புலி அவளை மேலும் கீழும் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கட்டில் ஆடியது. "அது ஒல்லியா, ஒசரமா, சின்னப் பொண்ணு மாரி கீதும்மா! மெல்லமா பேசும். நீ..." மேலே சொல்லாமல் மருமகளைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். மருமகள் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டாள்.

இருட்டு தனக்கு எத்தனை கிலோவைக் குறைத்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஹெலினாவுக்குத் தெரிந்தது. வீட்டுக்குப் போய்க் கண்ணாடி முன் ஸ்கார்ஃபைச் சுற்றிப் பார்த்தாள். மாஸ்க்கும் போட்டாள். விளக்கையும் அணைத்துப் பார்த்தாள். ஒல்லியாகத்தான் இருந்தது. தன்மேலேயே தனக்குப் பொறாமை வந்தது.

நான்காம் நாள் டாக்டர் தமிழ்வாணன் வேம்புலியின் காலைப் பார்த்துவிட்டு, மறுநாள் காலையிலேயே கறுத்த இரண்டு விரலையும் எடுத்தாக வேண்டும் என்றார். சம்மதப் படிவத்தை ஹெலினாதான் கொண்டுபோனாள். வேம்புலி பேனாவைத் தொடவில்லை.

"நான் போட மாட்டேன்."

"நைனா, போடு நைனா. டாக்டரு சொல்றாரு இல்ல" என்றான் கஜபதி.

"அந்த டார்ச்சம்மா வரட்டும். அவங்க சொன்னா போடறேன். நாலு நாளா காணோம். தொரத்திட்டீங்களா அவங்கள?" என்று ஹெலினாவைப் பார்த்தே கேட்டார்.

கஜபதி கெஞ்சினான். ஊர்க்காரர்கள் அதட்டினார்கள். கூட்டம் கூடக் கூட அவர் குரலும் ஏறியது. விரலே தேவையில்லை, வீட்டுக்குப் போகிறேன் என்றார். ஹெலினா படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். அந்தக் கத்தலுக்கு அடியில் இருப்பது என்னவென்று அந்த அறையில் அவளுக்கு மட்டும்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில், இத்தனை பேருக்கு நடுவில், அதை அவள் சொன்னால் அவர் மானம் போய்விடும். படிவத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

மாலை டூட்டி முடிந்தது. ஷெரினுக்குப் போன் செய்து, வர நேரமாகும் என்றாள். நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்து காத்திருந்தாள். இரண்டு முறை தூங்கி, ஒரு முறை சுவரில் இடித்துக்கொண்டாள். பத்து மணிக்கு வார்டில் விளக்குகள் அணைந்தன. அன்றைய இரவு நர்ஸிடம் சொல்லிவிட்டு, ஸ்கார்ஃபைச் சுற்றி, மாஸ்க்கை ஏற்றி, டார்ச்சோடு உள்ளே நடந்தாள். இந்த வேஷத்தில் தன்னை யாராவது பார்த்தால் என்ன சொல்வார்கள் என்று நினைத்து அவளுக்கே கூச்சமாக இருந்தது. தன் வேஷத்தைத் தானே போட்டுக்கொண்டு போகிற ஒரே நர்ஸ் அவளாகத்தான் இருப்பாள்.

ஏழாம் கட்டிலில் கை எழுந்தது.

"வந்துட்டியா" என்றார் வேம்புலி. பகல் குரல் எங்கோ போய்விட்டிருந்தது. "எங்கம்மா போன?"

"இங்கதான் இருந்தேன் நைனா." ஸ்டூலை இழுத்துக்கொண்டாள்.

"மயக்கம் குட்த்து வெட்டுவாங்களாம். ரெண்டு வெரலுன்னு சொல்றாங்க. எங்க சித்தப்பனுக்கும் ரெண்டு வெரலுன்னுதான் சொன்னாங்க. கடைசியில முட்டிக்கு மேல போச்சு. நான் முழிச்சுப் பாக்கும்போது காலு இல்லன்னா இன்னா பண்றது?"

ஹெலினா பொய் சொல்லவில்லை. விரலில் தொற்று இருக்கிறது. இப்போது எடுத்தால் அதோடு நிற்க வாய்ப்பு அதிகம். தள்ளிப்போட்டால் அவர் சித்தப்பாவுக்கு ஆனது இவருக்கும் ஆகலாம். நூற்றுக்கு நூறு என்று யாராலும் சொல்ல முடியாது. இதை அவள் மெதுவாக, மூன்று முறை சொன்னாள். "மயக்கத்துக்கு முன்னாடியே டாக்டர் கிட்ட கேளுங்க. எதுவரைக்கும் எடுப்பீங்கன்னு உங்க வாயாலயே கேளுங்க. பதில் சொல்லுவாரு. குட்டையா இருப்பாரு, ஆனா நல்லவரு."

அவர் தன் வலது காலை ஒரு முறை தொட்டுப் பார்த்தார். பிறகு பேனா கேட்டார். டார்ச் வெளிச்சத்தில், படிவத்தில் தன் பெயரை முழுசாக எழுதினார். இரவு நர்ஸ் சாட்சிக்கு நின்றாள்.

"அந்தப் பகல் பொம்பள கீதே" என்றார் படுத்துக்கொண்டே. "அது இன்னா சொல்லிச்சு தெரியுமா? நீதான் அதுவாம். கூச்சமே இல்லாம புளுவுது."

ஹெலினா மாஸ்க்குக்குள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "பாவம் நைனா, பகல்ல புதுசு. கத்துக்குவா."

"எங்க கத்துக்கப் போவுது" என்று முணுமுணுத்தவர் அப்படியே தூங்கிப்போனார். ஸ்டூலில் உட்கார்ந்தபடி ஹெலினாவும் தூங்கினாள். ஜேசுராஜ் பைக்கில் வந்து கீழே நின்று எட்டு முறை போன் செய்த பிறகுதான் எழுந்தாள்.

மறுநாள் ஆபரேஷன் இரண்டு விரலோடு நின்றது. பத்து நாளில் புண் ஆறத் தொடங்கியது. அந்தப் பத்து நாளும் பகலில் அவளிடம் ஊசி போட்டுக்கொண்டு, பகலில் அவளைத் திட்டிக்கொண்டுதான் இருந்தார் வேம்புலி. வீட்டுக்குப் போகும் அன்று, வாசல்வரை சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போனவளிடம் ஒரு மைசூர்பாகு டப்பாவை நீட்டினார். "இத்த அந்த ராத்திரி சிஸ்டர் கைல குடுத்துடு. நீ துன்னுடாத."

"கண்டிப்பா குடுத்துடறேன் சார்" என்றாள் ஹெலினா. தனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறது என்று தெரிந்தும், லிஃப்டிலேயே ஒன்றை எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். மிச்சத்தை ரேகாவிடம் கொடுத்துவிட்டாள்.

ஞானகுமாரி மேடத்துக்கு எல்லாம் தெரிந்திருந்தது. டூட்டி இல்லாத நேரத்தில் வார்டுக்குள் போனதற்கு முதலில் ஐந்து நிமிடம் திட்டினார். பிறகு, "என்ன பண்ணலாம் உன்னை?" என்று கேட்டார்.

ஹெலினா மறுபடி நைட் வேண்டும் என்று கேட்கத்தான் போயிருந்தாள். ஆனால் வாய் திறந்ததும் வேறு ஞாபகம் வந்தது. இந்த மூன்று வாரமும் ராத்திரி எட்டு மணிக்கு மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷெரின் மீன் முள்ளை எடுக்கத் தெரியாமல் தட்டை நகர்த்திவிடுவாள் என்பதையே அவள் இப்போதுதான் பார்த்தாள். பதினாலு வயசு. இத்தனை நாளும் யார் எடுத்துக் கொடுத்திருப்பார்கள்?

"ரெண்டு வாரம் நைட், ரெண்டு வாரம் டே போடுங்க மேடம்."

"டேல நீ படுற பாடு எனக்குத் தெரியாதா?"

"தெரியும் மேடம். கத்துக்கறேன்."

மேடம் ரிஜிஸ்டரில் எழுதிக்கொண்டார். "சர்ஜனை மட்டும் வெளிய நிறுத்தாத" என்றார்.

நைட் தொடங்கிய திங்கட்கிழமை, ஷெரின் தானாகவே பஸ் ஸ்டாப்வரை கூட வந்தாள். அயனம்பாக்கம் ஏரிப் பக்கத்திலிருந்து காற்று வந்தது. எதிரே ஆட்கள் வேலை முடிந்து இறங்கி வந்துகொண்டிருந்தார்கள்.

"நைட்ல அப்படி என்னதாம்மா இருக்கு?" என்று கேட்டாள்.

ஹெலினா பெரிதாக ஏதாவது சொல்லலாமா என்று யோசித்தாள். சேவை, அர்ப்பணிப்பு என்று சில வார்த்தைகள் நாக்கு நுனிவரை வந்தன. மகளின் முகத்தைப் பார்த்ததும் அவை திரும்பிப் போய்விட்டன.

"பகல்ல எல்லாரும் தைரியமா இருக்கிற மாதிரி நடிக்கிறாங்க, ஷெரின். ராத்திரியில முடியல. நானும் பயந்தவதானே, அவங்களோட எனக்கு ஒத்துப்போகுது."

ஷெரின் பஸ் வரும் திசையைப் பார்த்தாள். "எனக்கும் ராத்திரிதான் பயமா இருக்கும். நீ இருக்கமாட்ட" என்றாள்.

பஸ் வந்தது. ஹெலினா ஏறவில்லை. நடத்துநர் விசிலடித்துவிட்டுப் போனார். அடுத்த பஸ் வர இருபது நிமிடம் ஆகும். முதல் நாளே டூட்டிக்கு லேட். அம்மாவும் மகளும் நிழற்குடை பெஞ்சில் உட்கார்ந்தார்கள். என்ன பயம், எப்போதிலிருந்து என்று ஹெலினா கேட்டாள். ஷெரின் சொல்லத் தொடங்கினாள்.